நீலகண்ட பிள்ளை வீட்டுப் பின்னறை தெருவுக்கு வந்த விவரம்

2022-ஆம் ஆண்டு சித்திரை மாதம் இரண்டாம் வாரத்தில், வலியசாலையில் நீலகண்ட பிள்ளை வீட்டுப் பின்னறை, நாளொன்றுக்கு ஒரு விரற்கடை வீதம் தெருவை நோக்கி நகரத் தொடங்கியது. நான்கு சுவர்களும், ஓட்டுக்கூரையும், சிமெண்டுத் தரையும், வெளியே தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவும், அதன் பக்கத்தில் மரக்கம்பி போட்ட ஒரு ஜன்னலும், உள்ளே கிடந்த கட்டிலும், கட்டிலில் உட்கார்ந்திருந்த முத்தாரம்மாளும் சேர்ந்தே நகர்ந்தனர். சத்தம் எதுவும் இல்லை. உச்சிப்பூசை முடிந்து கோயில் நடை சாத்தும் நேரத்தில் வீட்டுக்குள் குளத்துக் காற்று போல ஒரு குளிர்ச்சி வரும், அவ்வளவுதான். எதிரே இருந்த சுவர் விலகி வழிவிட்டு, அறை போனபின் பழையபடி கூடிக்கொண்டது. விரிசல் விழவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை. அறை விட்டுவந்த இடத்தில் புறவாசல் முற்றம் அந்த அளவுக்கு அதிகப்பட்டது. முதலில் கவனித்தவள் மருமகள் திவ்யலட்சுமி. அடுக்களையிலிருந்து பின்னறைக்குச் சோற்றுத்தட்டு கொண்டுபோகத் தனக்குப் பதினொரு அடி ஆகும் என்றும், இப்போது பத்திலேயே கதவு வந்துவிடுகிறது என்றும் அவள் கணவன் உமாசங்கரிடம் சொன்னாள். காலில் நகம் வெட்டிக்கொண்டிருந்த உமாசங்கர், அவள் நடை நீண்டிருக்கும் என்றான்.

அந்தக் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. சாலைக் கடைவீதியில் முதலில் அரிசி மண்டி வைத்திருந்தார்கள், பிறகு இரும்புச் சாமான் கடை. நீலகண்ட பிள்ளைக்கு அப்போது வயது எழுபத்துநான்கு. முதுகு வளையாதவர். கடைவீதியில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரியும்போது சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு தடவை சொன்னால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் அவரும், மகன் உமாசங்கரும், மருமகளும், பேத்தி ஸ்ரீலட்சுமியும் ஆக நான்கு பேர் என்று ரேஷன் கார்டில் இருந்தது. ஐந்தாவது ஆள் முத்தாரம்மாள். பிள்ளையின் தங்கை, அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவள். பெற்றதோடு தாய் இறந்துபோனதால் அண்ணன் மடியில் வளர்ந்தாள். அறிவு ஆறு வயதளவில் நின்றுவிட்டது. பேச்சு குறைவு, முனகலாக ஒரு பாட்டு எப்போதும் உண்டு.

1991-இல் அந்த வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் நிச்சயதாம்பூலம் நடந்தபோது, குளித்த ஈரத்துணியோடு முத்தாரம்மாள் சபை நடுவில் வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டுத் தட்டிலிருந்து ஒரு ரசகதலிப் பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் ஆசாரி வந்து பின்னறைக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் வைத்தார். அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அதன்பின் ஊரில் யார் கேட்டாலும் நீலகண்ட பிள்ளை, "இப்போ இங்க இல்ல" என்று சொன்னார். செத்துப்போனாள் என்று ஒருபோதும் சொன்னதில்லை. பொய் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கம் கிடையாது. வருஷம் போகப் போக 'இப்போ' என்பதும் 'இங்க' என்பதும் உதிர்ந்து 'இல்ல' மட்டும் மிஞ்சியது. எல்லோரும் சாப்பிட்டபின் ஒரு தட்டு அவளுக்குப் போகும். வெள்ளிக்கிழமை குளியல். வீட்டுக்கு விருந்தினர் வரும் நாட்களில் அவள் முனகல் முன்கூடமான பட்டாசாலை வரை கேட்கும் என்பதால், பிள்ளையே பின்னறைக்குப் போய்த் தான் தோளில் போடும் நேரியலால் அவள் வாயைக் கட்டிவிட்டு, கைகளைக் கட்டில் காலோடு பிணைத்துவிட்டு வருவார். அதற்குப் புது நேரியலைத்தான் எடுப்பார். பழந்துணியால் கட்டினால் அவளுக்கு மரியாதை இல்லை என்று அவர் நினைத்தார்.

புரட்டாசி மாதம் அறையின் முன்பக்கம் அடுக்களைக்குள் வந்தது. அம்மி ஒரு பக்கம், அறையின் ஜன்னல் மறுபக்கம், நடுவில் அடுப்பு. திருமணமாகி வந்து இருபத்தைந்து வருஷத்தில் திவ்யலட்சுமி அந்தத் தட்டை ஆயிரக்கணக்கான முறை வைத்திருக்கிறாள். கதவை அரையடி திறந்து, தரையைப் பார்த்துக்கொண்டே தள்ளிவிட்டு வருவது அவள் பழக்கம். இப்போது தோசை வார்க்கும்போதெல்லாம் முதுகில் இரண்டு கண்கள் இருந்தன. மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்?" என்றாள். முத்தாரம்மாள் கல்லிலிருந்து எழுந்த ஆவியைக் கைகாட்டினாள். திவ்யலட்சுமி கல்லிலிருந்த தோசையை அப்படியே எடுத்துக் கம்பி வழியாகக் கொடுத்தாள். முத்தாரம்மாள் அதை உடனே தின்னவில்லை. கன்னத்தில் ஒட்டவைத்து, கண்ணை மூடி, சூடு ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தின்றாள். "இன்னொண்ணு" என்றாள். அன்று பதினோரு தோசை. கடைக்குக் கிளம்ப வந்த உமாசங்கர் மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "மாவெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான்.

"ஒங்க அத்தை தின்னுட்டா."

"ஆரு?"

"ஒங்க அத்தை. வேணும்னா உப்புமா கிண்டித் தாறேன். இல்லன்னா ஓட்டல்ல போய்த் தின்னுங்க."

அத்தை என்ற சொல் அந்த வீட்டில் பல வருஷங்களுக்குப் பின் அன்றுதான் கேட்டது. அன்றிலிருந்து முதல் தோசை ஜன்னலுக்குப் போயிற்று. மற்றவர்களும் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தித் தட்டை எடுத்துக்கொண்டு பட்டாசாலைக்குப் போனார்கள். நீலகண்ட பிள்ளை அடுக்களைப் பக்கமே வராமலானார்.

2023 தை மாதம் உமாசங்கர் கருங்கல் பக்கத்திலிருந்து தாசையன் என்ற கொத்தனாரை வரவழைத்து, அறைக்கு முன்னால் இரும்புக்கம்பி வைத்து ஒரு கான்கிரீட் தடுப்பு போடச் சொன்னான். கம்பி சொந்தக் கடையிலிருந்தே வந்தது. மூன்றாம் நாள் அறையின் முன்பக்கம் அந்தத் தடுப்புக்குள் புகுந்து அப்பால் வந்துவிட்டது. தடுப்பு இரண்டு பக்கமும் விலகி ஈரம் மாறாமல் நின்றது. தாசையன் அதை விரலால் குத்திப் பார்த்தார். "மொதலாளி, இது செவரு இல்ல, வள்ளமாக்கும். வெள்ளத்துல போற வள்ளத்தை நான் எப்பிடிப் பிடிச்சு நிறுத்த? இதுக்க வேலை எனக்குத் தெரியாது" என்றார். கரண்டியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, "உள்ள இருக்கது ஆரு?" என்றார். "ஆருமில்ல" என்றான் உமாசங்கர். அறை ஒரே தள்ளலில் ஒரு முழம் முன்னே வந்து கலவைச் சட்டியைக் கவிழ்த்தது. தாசையன் வேறொன்றும் கேட்கவில்லை. மண்வெட்டியைக்கூட மறந்துவிட்டுப் போனார். பிறகு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

மாசியில் வார்டு ஆஷா சுகாதாரப் பணியாளர் ஷிஜா பதிவேட்டோடு வந்தாள். கரமனைக்காரி, தமிழ் வீடுகளில் தமிழும் மற்ற வீடுகளில் மலையாளமும் பேசுவாள், அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். நீலகண்ட பிள்ளை பட்டாசாலையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "ஐயா, கிடப்பு ரோகிகள், ஊனம் உள்ளவங்க, ஒத்தைக்கு இருக்குற வயசானவங்க, இப்பிடி ஆராவது வீட்டில உண்டா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒறப்பாத் தெரியுமா?"

"நான் ஒரு தடவை சொன்னாப் போதும்."

அடுக்களைப் பக்கம் தொங்கிய தூக்குவிளக்கு ஆடியது. அறை ஒரு முழம் வந்திருந்தது. அதோடு முனகலாக ஒரு பாட்டும் வந்தது. ஷிஜா காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற திவ்யலட்சுமியின் சேலை முந்தானையும் அவள் கண்ணில் பட்டது. மற்ற வீடுகளுக்கெல்லாம் பேனாவால் எழுதியவள், அந்த வீட்டுக்கு எதிரே 'இல்லை' என்பதைப் பென்சிலால் எழுதிக்கொண்டு போனாள்.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போன பேத்தி ஸ்ரீலட்சுமிக்கு இருபத்துநான்கு வயது. அறை நகர்வதாக அம்மா சொன்ன நாளிலிருந்து அவள் தினமும் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி போட்டு அடையாளம் வைத்துவந்தாள். சித்திரை பிறந்தபோது தாத்தாவின் முன் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டா, தெனமும் ஒரு விரற்கடை. அது எப்பவும் உள்ளது. ஆனா இந்த வீட்டில ஆராவது 'இல்ல'ன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் ஒரு முழம் சாடுது. பதினேழு தடவை பாத்தாச்சு. பதினேழும் சரியா இருக்கு."

"அதுக்கு என்ன செய்யணும்ங்கிற?"

"இல்லன்னு சொல்லாம இருந்தாப் போரும்."

"பின்னே என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க பாட்டா. அவ்வளவுதானே."

நீலகண்ட பிள்ளை தோளிலிருந்த நேரியலை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மக்ளே, முப்பத்திரெண்டு வருஷமா நான் சொன்ன சொல்லு இது. இன்னைக்கு மாத்தினேன்னா, அன்னைக்கெல்லாம் நான் ஆரா இருந்தேன்?" என்று கேட்டார். ஸ்ரீலட்சுமி எழுந்து போய்ச் சுவரில் அன்றைய தேதியைப் போட்டாள். அவர் அதற்குப் பிறகும் இல்லை என்றே சொல்லிவந்தார். உள்ளே ஆள் உண்டா என்று கேஸ் சிலிண்டர் போடுகிறவன் கேட்டபோது ஒன்று, கோயில் காரியக்காரர் கேட்டபோது ஒன்று. அறை அடுக்களையைக் கடந்து, நெல்லும் பாத்திரமும் வைக்கிற அரங்குக்குள் நுழைந்தது. வேனில் காலத்தில் அந்த அறையைச் சுற்றி மட்டும் வெயில் தணிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனைகள் வந்து அதன் சுவரோரம் படுத்துக்கொண்டு, அறை நகர நகரத் தாங்களும் தூக்கத்திலேயே நகர்ந்தன.

ஆடி மாதம் ஸ்ரீலட்சுமிக்கு வடசேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பனார் நெல்லையப்பன் பழைய குடும்பத்தவர், குலம் கோத்திரம் பார்க்கிறவர். ஆவணி பத்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. அன்றைக்கு அறை எங்கே இருக்கும் என்று உமாசங்கர் டேப் பிடித்து அளந்தான். பட்டாசாலைச் சுவருக்குத் தொட்டுப் பின்னால் இருக்கும்; யாராவது ஒரு 'இல்ல' சொன்னால் ஜமுக்காளம் விரிக்கிற பக்கம் வந்துவிடும். அன்று மாலையே அவன் தகப்பனாரிடம் ஒரு யோசனை சொன்னான். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஓர் இல்லம் இருக்கிறது. கேட்டில் போர்டு கிடையாது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஆளை விட்டுவிட்டு வந்தால் போதும். பார்க்க வரக்கூடாது என்பது மட்டும் அவர்கள் நிபந்தனை. ஆவணி ஏழு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர்களே வேன் அனுப்புவார்கள். பரிமாறிக்கொண்டிருந்த திவ்யலட்சுமி, "அங்க சாப்பாடு சூடாக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். உமாசங்கர் அப்பளத்தை நொறுக்கினான். "பாக்கப் போகாண்டாம்னா, உசிரோட இருக்காளான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். நீலகண்ட பிள்ளை, வேனுக்கு முன்னால் ஒரு பிரச்னம் வைத்துப் பார்த்துவிடலாம், பரிகாரம் செய்து அறை பின்னால் போய்விட்டால் அவளை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை என்றார். தங்கையை அனுப்ப அவருக்கு மனம் இல்லை என்பது உண்மை. அவள் இருப்பதை யாரும் அறியக்கூடாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஜோசியர் பணிக்கர் ஆவணி ஆறாம் தேதி காலையில் வந்தார். ஓணத்துக்கு இன்னும் ஆறே நாள். தெருவில் பூக்களம் போட்ட வீடுகளிலிருந்து ஜமந்தி மணம் வந்துகொண்டிருந்தது. தாம்பூலப் பிரச்னத்தில் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைக்கும் வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பலன் சொல்வார்கள். முதல் இலை வீட்டுக்காரருக்கு, இரண்டாவது குடும்பத்துக்கு, மூன்றாவது உடன்பிறந்தவர்களுக்கு என்று முறை. பிள்ளையே சாலைக் கடைவீதிக்குப் போய் நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கியிருந்தார். வழக்கம்போல விருந்தினர் வருமுன் அரங்குக்குள் போய், தன் கடமையை முடித்துக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். முற்பகலானதால் பணிக்கர் மேலிருந்து எண்ணினார். மூன்றாவது இலை, வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காம்பு முதல் நுனி வரை வாடிக் கிடந்தது.

"மூணாமத்தது. சகோதர ஸ்தானமாக்கும்" என்றார் பணிக்கர். "இளையது ஆரெங்கிலும் இந்த வீட்டில உண்டோ, பிள்ளைவாள்?"

நீலகண்ட பிள்ளை முதுகை நிமிர்த்தி, "இல்ல" என்றார்.

இந்த முறை முழக் கணக்கு இல்லை. அரங்குச் சுவர் திரைச்சீலை போல இரண்டாக விலக, அறை பத்தடி வந்து, பிரச்னப் பலகைக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. ஏற்றிவைத்திருந்த விளக்கின் சுடர் அசையவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால், கைகள் கட்டில் காலோடு பிணைக்கப்பட்டு முத்தாரம்மாள் இருந்தாள். வாயில் கட்டியிருந்தது தங்கக் கசவுக் கரை வைத்த புது நேரியல். நேரியலை ஜோடியாக வாங்குவதுதான் அந்த வீட்டு வழக்கம். ஜோடியில் மற்றது பிள்ளையின் தோளில் கிடந்தது. பணிக்கர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். வெற்றிலைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

"பரிகாரம் ஒண்ணும் வேண்டா. அந்தத் துணியை அவிழுங்கோ. பின்னே, இது எனக்குள்ள காரியம் அல்ல, இதுக்கு வேற ஆள் உண்டு" என்று சொல்லிவிட்டு, தட்சிணையைத் தொடாமல் எழுந்து போனார்.

அவிழ்த்தவள் திவ்யலட்சுமி. கம்பி வழியாகக் கையை விட்டு வாய்க்கட்டை எடுத்தாள். தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போய்க் கைக்கட்டை எடுத்தாள். மணிக்கட்டுகளில் புதுத் தழும்பின் கீழே பழைய தழும்பு, அதன் கீழே அதைவிடப் பழையது. அந்த அறைக்குள் அவள் முழுசாக நுழைந்தது அதுவே முதல் தடவை. வெள்ளிக்கிழமைக் குளியல்கூடப் புறவாசலில் கண்ணை விலக்கிக்கொண்டு நடப்பதுதான். பிறகு அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, மாவு ஒட்டிய கையோடு அங்கன்வாடிக்குப் போனாள். ஷிஜா அங்கே பிள்ளைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டில ஒரு ஆள் உண்டு" என்றாள் திவ்யலட்சுமி. "நீ வந்து கேட்டப்ப நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். சொல்லல்ல. இருபத்தஞ்சு வருஷமாச் சொல்லல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவளைக் கொண்டுபோக வேன் வருது."

"எனக்கும் அறியும் அக்கா, ஆள் உண்டுன்னு. பென்சில்லதான் எழுதினேன்" என்றாள் ஷிஜா. "பின்னேயும் ஆறு மாசம் நானும் வராம விட்டுட்டேன். அது எனக்க தப்பு. வாங்க, போகலாம்."

வழியிலேயே அவள் மூன்று போன் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் பட்டாசாலையில் இருந்த எல்லோரையும் தெருவில் போய் நிற்கச் சொன்னாள். முத்தாரம்மாளோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. உள்ளே பேசியதில் பதிவேட்டில் ஏறியது மட்டுமே நமக்குத் தெரியும். எங்கே நோவு என்று கேட்டதற்கு மணிக்கட்டைக் காட்டினாள். யார் கட்டுவது என்று கேட்டதற்கு, "அண்ணே" என்றாள். என்ன வேண்டும் என்றும் ஷிஜா கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டவர்கள் குறைவு. "கதவு தொறந்து கெடக்கட்டு" என்றாள் முத்தாரம்மாள். ஷிஜா இதையெல்லாம் பேனாவால் எழுதினாள். வெளியே வந்து நீலகண்ட பிள்ளையிடம், "ஐயா, நான் மேல சொல்லியாச்சு. அறிஞ்சிட்டுச் சொல்லாம இருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நாளைக்குக் காலையில ஆபீசர் வருவாங்க, போலீசும் வரும். அதுவரைக்கும் இந்த அக்கா மட்டும் உள்ள போகலாம். நீங்களும் மகனும் போகக்கூடாது" என்றாள்.

"என் வீட்டில நீ எனக்கு உத்தரவு போடுதியா?"

"அதே ஐயா, உத்தரவுதான்" என்றாள் ஷிஜா.

மறுநாள் ஓணக் கூட்டத்தில் பழவங்காடியிலிருந்து கிழக்கேகோட்டை வரை வண்டிகள் நகரவில்லை. அதிகாரியின் ஜீப் அதற்குள் மாட்டிக்கொண்டது. வேன் குறுக்குச் சந்து வழியாகச் சரியாகப் பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்றது. திவ்யலட்சுமி அறைக் கதவின் குறுக்கே நின்றாள். ஷிஜா தெருவாசலில் நின்று போனைக் காதிலிருந்து எடுக்காமல் யாரையோ வேகமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாத ஸ்ரீலட்சுமி, பட்டாசாலையில் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இறங்கி, ஒரு சீட்டைப் பார்த்து, "நீலகண்ட பிள்ளை வீடு இதானே? ஒரு ஆளைக் கொண்டுபோகச் சொன்னாங்க. ஆள் உண்டா சார்?" என்று கேட்டான். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாடியில் நான்கு தலைகள். உமாசங்கர் தகப்பனாரின் காதருகே குனிந்து, "உண்டுன்னு சொல்லுங்கப்பா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றான். பிள்ளைக்கு இரண்டு வழி தெரிந்தது. இல்லை என்று சொன்னால் வேன் திரும்பும். ஆனால் அறை மீதிப் பன்னிரண்டு அடியையும் தாண்டித் தெருவில் போய் நிற்கும். உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள், அதன்பின் யாரும் பார்க்கப் போவதில்லை. ஜன்னலில் முத்தாரம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்த கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய முகத்துக்கு வந்ததும் அவள் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டில் காலைத் தேடின.

அதை அவர் பார்த்தார். வாசலுக்கு வந்து, கடைவீதியில் வழக்குத் தீர்க்கும்போது பேசுகிற அதே குரலில், எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "உண்டு. எனக்க தங்கச்சி முத்தாரம்மாள். இந்த வீட்டில உள்ளவ. முப்பத்திரெண்டு வருஷமா அவளை அடைச்சுப் போட்டது நான், கெட்டிப் போட்டதும் நான். அவ எங்கேயும் வரமாட்டா. நீ வண்டியைத் திருப்பு."

டிரைவர் சீட்டைத் திரும்பப் பார்த்தான். "அப்போ டிரிப் கேன்சலா?" என்றான்.

"கேன்சல்."

"அப்பா, ஞாயித்துக்கெழமை அவங்க..." என்றான் உமாசங்கர்.

"நெல்லையப்பனை நான் விளிச்சுச் சொல்லுதேன்."

சொன்னபடி அன்று மத்தியானமே போனில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். யோசித்துத் தெரிவிப்பதாக நெல்லையப்பன் சொன்னார். இன்னும் தெரிவிக்கவில்லை. ஸ்ரீலட்சுமி அடுத்த வருஷம் பூனாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அன்று பன்னிரண்டரை மணிக்கு அதிகாரியும் போலீசும் வந்து சேர்ந்தபோது, நீலகண்ட பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். ஸ்டேஷனில் நான்கு பக்க வாக்குமூலம் கொடுத்தார். வக்கீல் வரட்டும் என்று உமாசங்கர் சொன்னதற்கு, வக்கீலுக்கு இந்த வீட்டு விவரம் என்ன தெரியும் என்று கேட்டார். வேனை ஏற்பாடு செய்ததற்காக உமாசங்கர் மேலும் வழக்கு உண்டு. அவன் ஒரு வருஷம் தகப்பனாரோடு பேசவில்லை. வழக்கு இப்போதும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளை வெளுத்த வேட்டி கட்டிப் போய், பெயர் விளிக்கும்வரை பெஞ்சில் சாயாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். முத்தாரம்மாளுக்குச் சட்டப்படி பாதுகாவலராகத் திவ்யலட்சுமியை நியமித்தார்கள்; மாதம் ஒரு தடவை ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகவும் ஏற்பாடாயிற்று. திவ்யலட்சுமியும் தான் இருபத்தைந்து வருஷம் சொல்லாமல் இருந்ததை எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கார்டில் ஐந்தாவது பெயர் ஏறியது.

அதன்பின் அறை ஒரு தடவைகூடத் தாவவில்லை. ஆனால் நாளுக்கு ஒரு விரற்கடை என்பது நிற்கவும் இல்லை. போக வேண்டிய தூரம் அதற்கு இன்னும் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. பட்டாசாலையில் ஜமுக்காளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி விரித்தார்கள். 2024 மாசியில் அறை தெருவாசலை அடைந்து, அரையடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கார்ப்பரேஷன் ஓவர்சீயர் வந்து அளந்து, ஆக்கிரமிப்பு என்று எழுதப் போனவர், கட்டியவர் பெயர் என்ற இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்காததால் தனிக் கதவு எண் கொடுத்துவிட்டுப் போனார். கதவு திறந்தே கிடக்கிறது. காலையில் பகல் நேரப் பயிற்சி மையத்தின் வண்டி வந்து முத்தாரம்மாளை ஏற்றிக்கொண்டு போகும். மூன்றரைக்குக் கொண்டுவந்து விடும். திருவிழாவில் சுவாமி எழுந்தருளும்போது, தூக்கிவருகிறவர்கள் அந்த இடத்தில் அரையடி விலகி நடக்கிறார்கள். அவள் ஜன்னலிலிருந்து கும்பிடுவாள், சில நாள் கும்பிடமாட்டாள்.

அவள் கூப்பிட்டால் ஒழிய அந்த அறைக்குள் போகக்கூடாது என்பது நீலகண்ட பிள்ளைக்கு விதித்த நிபந்தனை. தினமும் நான்கு மணிக்கு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவில் அவள் கதவுக்கு எதிரே போட்டு உட்காருகிறார். வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ உள்ளிருந்து "அண்ணே" என்று சத்தம் வரும், எழுந்து போவார். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு நாற்காலியை மடக்கிக்கொண்டு திரும்புவார். ஏன் கூப்பிடவில்லை என்று அவர் கேட்டதில்லை. தெருவில் காய்கறி விற்கிறவர்கள் அந்த நாற்காலியைச் சுற்றி வண்டி தள்ளப் பழகிவிட்டார்கள்.

சென்ற கார்த்திகையில் அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடியறை, நாளுக்கு ஒரு படியாகக் கீழே இறங்கத் தொடங்கியது. அந்த வீட்டார் கொத்தனாரையும் கூப்பிடவில்லை, பணிக்கரையும் கூப்பிடவில்லை. இரண்டாவது படியிலேயே ஷிஜாவுக்குப் போன் செய்தார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததால், இன்னும் பதினாலு பிள்ளைகள் உண்டு, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். முடித்துவிட்டுப் போனாள்.